காலையில் எடுத்த அளவு

காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்கிற வேலையைப் பார்த்துத் திருத்தணியில் சிரிக்காதவர்கள் குறைவு. கடைக் கதவைத் திறந்து, உள்ளே தொங்கும் தோல்களின்மேல் கையால் தண்ணீர் தெளிப்பேன். வாசலுக்குத் தெளிக்க வேண்டிய தண்ணீரைத் தோலுக்குத் தெளிக்கிறாயே என்று பக்கத்துக் காப்பிக் கடைக்காரர் தினமும் கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும்? ரங்கூனில் ஒரு பூட்ஸ் பட்டறையில் சம்பளத்துக்கு இருந்தவரை தோலைத் தண்ணீரிடமிருந்து காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு. மழைக்காலத்தில் ராத்திரி வைத்த பூட்ஸ் காலையில் வெள்ளைப் பூசணம் பூத்து நிற்கும். இங்கே நாலு நாள் கவனிக்காவிட்டால் தோல் அப்பளமாக முறுகிவிடுகிறது. பர்மாவை விட்டு வந்து ஆளுக்கொரு ஊரில் ஒதுங்கியிருக்கும் நண்பர்களே, உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று தலைகீழாகியிருக்கும்.

நம்மைத் 'திரும்பி வந்தவர்கள்' என்கிறார்கள். ரங்கூனில் பிறந்த நான் எங்கே திரும்புவது? தாலுகா ஆபீசில் சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். ரங்கூன் என்றேன். குமாஸ்தா தலையை ஆட்டிவிட்டு, இந்த ஜில்லாவின் ஆபீஸ் பாஷையான தெலுங்கில் ஏதோ எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று விசாரித்தால், திருத்தணி என்றார். அங்கே பர்மியர் என்னைக் 'கலா' என்றார்கள். அயல் நாட்டான் என்று அர்த்தம். இங்கே எனக்கு ரங்கூன்காரர் என்று பெயர்.

என் மனைவி சாராளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவள் இந்த ஊர்க்காரி. கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் வந்து அவளைக் கப்பலேற்றிக் கொண்டு போனேன். ஆறு வருஷம் அங்கே குடித்தனம் செய்தோம். ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் ஒரு டிரங்குப் பெட்டியோடு புறப்பட்டு, கப்பலில் இடம் கிடைத்து, இந்த ஸ்டேஷனில் வந்து இறங்கினோம். மாட்டுவண்டியோடு ஒருவன் காத்திருந்தான். சாராள் அவனைப் பார்த்ததும் "பாவா!" என்று கூப்பிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஆறு வருஷத்தில் நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. வண்டி வீடு போய்ச் சேருவதற்குள் அவன்மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

அவன் தாவீது, அவளுடைய தாய்மாமன் மகன். கட்டிக்கொள்ள வேண்டிய முறை, அதைத்தான் இங்கே பாவா என்கிறார்கள். ரங்கூன் சம்பளத்தை நினைத்து அவளுடைய அப்பா எனக்குக் கொடுத்துவிட்டார். தாவீது அதற்கப்புறம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தன் அத்தை மகளைக் கட்டியவன் தனக்கு அண்ணன் என்ற கணக்கில் முதல் நாளிலிருந்தே என்னை அண்ணா என்கிறான். அந்த அண்ணாவை நம்பலாமா கூடாதா என்று நான் மூன்று வருஷமாக யோசித்துக் கொண்டிருந்தேன். அவன் வந்தால் சாராள் இரண்டு வெங்காயம் சேர்த்து அரிகிறாள் என்பது வரைக்கும் கவனித்தேன். சண்டை முடிந்து கப்பல் விட்டதும் இவளை அழைத்துக்கொண்டு ரங்கூனுக்கே போய்விட வேண்டும் என்று அவளிடம் கேட்காமலே முடிவு செய்து வைத்திருந்தேன்.

தாவீதுக்குத் தொழில், பறவை வேட்டைக்கு வருகிறவர்களுக்கு வழி காட்டுவது. அவர்களில் முக்கியமானவர் அரக்கோணத்து ரயில் டிரைவர், ஆங்கிலோ இந்தியர், ஊருக்குச் சட்டைக்காரத் துரை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடிக்கும்போது இருவரும் கவுதாரி தேடிக் குன்று ஏறுவார்கள். திரும்புகிற வழியில் துரை என் கடையில் உட்கார்ந்து காலை நீட்டுவார். ஒருநாள் அவர் கழற்றிய ரயில்வே பூட்ஸைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு எஞ்சினில் நிற்கலாம், கவுதாரி பின்னால் போக முடியாது என்றேன். அடியில் அத்தனையும் இரும்பு ஆணி. பாறையில் வழுக்கும், சத்தம் கேட்டு நாலு வயல் தள்ளி இருக்கும் பறவையும் ஓடிவிடும். அவருக்குப் புதிதாக ஒரு ஜோடி செய்து கொடுத்தேன். மேடேறும் பூட்ஸ் இலேசாக இருக்க வேண்டும், ஆனால் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். கயிற்றுக்கு அடியில் வரும் தோல் நாக்கை இரண்டு பக்கமும் மேல்வரை சேர்த்துத் தைத்தால்தான் ஊசிப்புல்லும் மணலும் உள்ளே இறங்காது. அடிக்கு மோட்டார் டயர் ரப்பர் போட்டேன். நனைந்தால் அடுப்போரம் வைக்காதீர்கள், வெயிலும் ஆகாது, உள்ளே வைக்கோல் அடைத்து நிழலில் ஆறவிடுங்கள் என்றேன். ரங்கூனில் கொழுப்புத் தேய்ப்போம். இங்கே அந்த வாசனைக்கு எலி வருகிறது. அதனால் ஆமணக்கெண்ணெயில் தேன்மெழுகை உருக்கிக் கொடுத்தேன். காலையில் உதறாமல் மாட்ட வேண்டாம், தேள் இருக்கும் என்று சொன்னது மட்டும் தாவீது.

எல்லாவற்றையும்விட முக்கியம் அளவு. நாள் முழுக்க நடந்த கால் சாயங்காலம் கொஞ்சம் பருத்திருக்கும். அப்போது, கனத்த சாக்ஸோடு, ஆளை நிற்க வைத்து, உடம்புப் பாரம் காலில் இறங்கிய பிறகுதான் கோடு போட வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன். பொதட்டூர்பேட்டை ஜவுளி வியாபாரி ஒருவர் காலையில் நல்ல நேரம் பார்த்து வந்தார். சாயங்காலம் வாருங்கள் என்றேன். தன்னைத் துரத்துகிறேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு போனவர் இன்றுவரை என் கடைப் பக்கம் திரும்பவில்லை.

துரைக்குப் புதுப் பூட்ஸ் பிடித்துப் போயிற்று. ஆனால் அவர் வாய் ஓயாமல் புகழ்ந்தது தாவீதின் வெறுங்காலைத்தான். பறவை எந்தப் புதரில் இருக்கிறது என்று அவனுக்குக் கால் சொல்கிறதாம். என் பூட்ஸைப் போட்டுக்கொண்டே அவன் காலைப் புகழ்ந்தார். அதோடு விட்டாரா? கார்த்திகை மழையில் தாவீதின் பாதம் பாறையில் கிழிந்தபோது, அவனுக்கும் ஒரு ஜோடி செய்யச் சொல்லி என்னிடமே வந்தார்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் தாவீதை வரச் சொன்னேன். பெஞ்சில் உட்கார வைத்தேன். சாக்ஸ் கொடுக்கவில்லை. பாதம் தாளைத் தொட்டும் தொடாமலும் இருக்க, பென்சிலை ஒட்டிப் பிடித்துக் கோடு இழுத்தேன். கடையை ஒட்டிய வீட்டுக்குள் சாராள் அரிசி களைந்து கொண்டிருந்தாள். நான் கை தவறிச் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் காலை நெருக்கிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தே செய்தேன். தையல் மட்டும் முதல் தரம்.

அடுத்த நாலு ஞாயிறும் தாவீது அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு குன்றேறினான். ஆடுபோலத் தாவுகிறவன் துரைக்குப் பின்னால் தங்கி வருகிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐந்தாவது ஞாயிறு அவனால் கடைப் படி ஏற முடியவில்லை. கழற்றச் சொல்லிப் பார்த்தேன். குதிகாலில் தோல் உரிந்து சதை தெரிந்தது. சுண்டுவிரல் நகம் கறுத்திருந்தது. முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"பூட்ஸுன்னா இப்பிடித்தான் கடிக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்ணா. நீங்க செஞ்சி குடுத்தது, அத்தப் போயி கொற சொல்றதா?"

சாராள் வெந்நீரும் துணியும் கொண்டு வந்தாள். அவன் காலை அவள் தொடவில்லை. கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். நான்தான் துடைத்தேன். பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு அவன் வெறுங்காலோடு போனான். அவன் தெரு திரும்பியதும் சாராள் சாதாரணமாகக் கேட்டாள்.

"எல்லாருக்கும் சாயங்காலமா, நிக்க வெச்சித்தான அளவு எடுப்பீங்க. பாவாவுக்கு மட்டும் இன்னாத்துக்குக் காலையில, குந்த வெச்சி?"

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் ரங்கூன் அப்பிடித்தான் இருந்துது. பாஷ தெரியாது, பேச ஆளு கெடையாது. கண்ணாலம்னா இப்பிடித்தான் கடிக்கும்னு நெனச்சிகினு ஆறு வருசம் இருந்தேன். நீங்களும் கேக்கல, நானும் சொல்லல."

அந்த ஆறு வருஷத்தைத்தான் நான் என் நல்ல காலம் என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொண்டிருந்தேன். அதே வீட்டில், அதே மழையில், என் பக்கத்திலேயே ஒருத்தி நாடு கடத்தப்பட்டவள்போல் இருந்திருக்கிறாள். இப்போது எப்படி இருக்கிறது என்று தயங்கிக் கேட்டேன்.

"இப்போ இந்த ஊரு உங்களக் கடிக்குது. அது எனக்குத் தெரியும்" என்றாள். "பாவாவ இன்னா பண்ணாலும் அது நிக்காதுங்க."

கப்பல் விட்டதும் போய்விடுவோம் என்று நான் வைத்திருந்த முடிவை அன்று அவளிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை என்னைக் கேட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள்.

புண் ஆறியதும் ஒருநாள் சாயங்காலம் தாவீதை வரவழைத்தேன். கனத்த சாக்ஸ் போட வைத்து, தாளின்மேல் நிறுத்தி, நன்றாக ஊன்றி நில் என்று சொல்லிக் கோடு இழுத்தேன். காலையில் எடுத்த அளவு தப்பு, தெரிந்தே எடுத்தேன் என்றும் சொல்லிவிட்டேன். அவன் குனிந்து சாக்ஸைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். "ஆங், சரிண்ணா" என்றான். அவ்வளவுதான். உள்ளேயிருந்து சாராள் சாப்பிட்டுப் போகச் சொன்னாள், அவன் நிற்கவில்லை. அவன் நிற்காததில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய் எழுதினவனாவேன்.

தாள் தரையிலேயே கிடந்தது. மடித்து வைக்கக் குனிந்தவன், என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோட்டுக்குள் என் காலை வைத்தேன். முழுதாக அடங்கிவிட்டது, சுற்றிலும் இன்னும் இடம் இருந்தது. உள்ளே சாராள் சோற்றை வடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு கால் தாளிலும் ஒரு கால் தரையிலுமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.