தையல் கையேடு

பசையை விரலால்தான் தடவுகிறார். பிரஷ் பக்கத்திலேயே கிடக்கிறது. "எங்க கட்டி, எங்க தண்ணின்னு விரலுக்குத்தான் தெரியும்." பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக நூலக உதவியாளர். பிள்ளைகளுக்குப் பசை மிஸ். நகத்தில் காய்ந்ததை உரித்து மேசை விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டே பேசுவார்.

இப்போது ஒட்டுவது தையல் கையேட்டின் அட்டை. முதல் எட்டுப் பக்கம் தையல். ஒன்பதிலிருந்து, பள்ளி தடை செய்த கதை: மாமா தன்மேல் கை வைப்பதை ஒரு சிறுமி அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை.

தடைக்கு முன்னால், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அந்தக் கதையை எடுத்துக் கொடுத்தவர் இவர்தான். அவள் படித்தாள். வீட்டில் சித்தப்பாவைப் பற்றி வாயைத் திறந்தாள். திங்கட்கிழமை அப்பா பள்ளிக்கு வந்தார், அந்தச் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு. "புக்குதாங்க எம்பொண்ணக் கெடுத்துச்சு."

புத்தகத்தை அகற்ற வந்த பெற்றோர் குழு அட்டையைப் பார்த்தது, ஒருவரும் திறக்கவில்லை. அதற்குள் இவர் ஒரு பிரதிக்குத் தையல் கையேட்டின் அட்டையையும் முதல் எட்டுப் பக்கத்தையும் ஒட்டி, கதையின் அட்டையை மிச்சத் தையல் பக்கங்களுக்கு மாற்றியிருந்தார். "கதைன்னு நெனச்சு, காஜா எடுக்கறது எப்படிங்கறதக் கிழிச்சுப் போட்டாங்க. ஒழுக்கம் தப்பிச்சுது." சிரிக்கவில்லை.

பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயர் இவர் கையெழுத்தில் இருந்தது. தலைமையாசிரியை விளக்கம் கேட்டார். 'மாணவி வற்புறுத்திக் கேட்டதால் கொடுத்தேன்' என்று எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு புத்தகம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"வேலை போயிடும்னு எழுதினேன். போகல, பாத்தீங்களா, கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்."

அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது நாள் முழுக்க அந்த வீட்டில்தான்.

கையேட்டின் அட்டை அடிக்கடி பிரிந்துபோகிறது. கை மாறிக்கொண்டே இருக்கிறது.

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நான்கு நாளாகக் கடைசி மணி அடித்தும் வீட்டுக்குப் போகாமல் அலமாரிப் பக்கம் நிற்கிறாள். இவர் புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு கையேட்டை நீட்டுகிறார்.

"எனக்குத் தையலே வராது மிஸ்."

"யாருக்கு வருது? ஒம்பதாம் பக்கத்துலேர்ந்து படி, கண்ணு."

அவள் புரட்டுகிறாள். நின்று படிக்கிறாள். நிமிராமலே கேட்கிறாள்: "என் பேர எழுதிக்கலயா மிஸ்?"

பதிவேடு திறந்துதான் இருக்கிறது. அதை மூடி, அதன்மேல் பசைக் கிண்ணத்தைத் தூக்கி வைக்கிறார்.