மாட்டுக் கணக்கும் தீபாவளி போனஸும்

மூன்று கறவை மாடுகளுக்கு அதிபதியாகிய நான், இன்று திருத்தங்கலில் நடந்த பால் பண்ணைக் கணக்கு வகுப்புக்கு மனைவியோடு எழுந்தருளினேன். நாலாவது மாடு வாங்க அவள் சம்மதிக்க வேண்டும். லாபத்தை எழுத்தில் காட்டி மடக்கிவிடலாம் என்பது என் திட்டம்.

வரவை எழுதிச் செலவைக் கழித்தேன். மிஞ்சிய லாபத்துக்குச் சிவகாசியையே விலை கேட்கலாம் போலிருந்தது.

சொல்லிக்கொடுத்த அம்மா என் நோட்டை எட்டிப் பார்த்தார். "தீவனம் இருக்கு, டாக்டர் செலவு இருக்கு. புல்லறுக்க, சாணி அள்ள, பால் கறக்க ஆள் கூலியைக் காணோமேண்ணே?"

"அதெல்லாம் வீட்டு ஆளு பாக்குதும்மா. கூலி கிடையாது."

"வீட்டு ஆளு உழைப்பும் செலவுதான். அதை எழுதாம லாபம் எம்புட்டுன்னு தெரியாது."

வீட்டு ஆள் பக்கத்தில்தான் இருந்தாள். பட்டாசு கம்பெனி வேலையை விட்டுவிட்டு மாடு பார்க்க வந்தவள். என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"கம்பெனிக் கூலியே போட்டுக்கிடுதேன். டீச்சர், தீபாவளி போனஸு எந்தப் பக்கம் எழுதணும்?"

அதையும் எழுதிய பிறகு மிஞ்சியது ஒரு கட்டு அகத்திக்கீரைக்குக்கூடக் காணாது. நாலாவது மாடு, வாங்கும் முன்பே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் சமாதானம் பேசினேன். "கூலியைக் கொஞ்சம் கொறச்சுக்கிடலாம்ல?"

"கூலியே வேண்டாம். கம்பெனியில ஞாயித்துக்கிழமை லீவு. அதை மட்டும் தருவீகளா?"

தந்துவிட்டேன். நாளை ஞாயிறு.

உதை வாங்காமல் பால் கறக்கத் தெரிந்த பெரியோர்கள் விடிவதற்குள் பின்னூட்டம் இடவும்.