கழன்ற பெல்ட்டும் என் தங்கையின் நெல்லும்

போன தை மாதக் கடைசியில், ஐந்தே நாளில் மூன்று முறை என் லாரியின் பெல்ட் கழன்றது. நான் அழுதேன். ஐம்பது வயதை நெருங்கும் லாரிக்காரன், கல்லணைக் கால்வாய்க் கரையில், பட்டப்பகலில், பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும்படி அழுதேன். அந்த இடத்தில்தான் கர்த்தர் எனக்குப் பதில் கொடுத்தார். அறுப்பின் பண்டிகை மலருக்கு இதை எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டபோது, "பெல்ட்டப் பத்தி எழுதுனா சிரிப்பாங்களே ஐயா" என்றேன். "சிரிக்கட்டும், எழுதுங்க" என்றார். ஆகவே நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

என் பெயர் சாமுவேல். பூதலூர் பக்கம் ஊர். சொந்தமாக ஒரு லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். அறுவடைக் காலத்தில் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டைகளைத் தஞ்சாவூர் பக்கம் உள்ள கிடங்குக்கு ஏற்றிப்போவேன். சபையார் என்னை இரண்டு காரியங்களால் அறிவார்கள். ஒன்று என் கோபம். இன்னொன்று, எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது நான் மட்டும் மூட்டு வலி என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிப்பது.

என் தங்கை ரோஸ்லினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நிலத்தை இத்தனை வருஷமும் குத்தகைக்குத்தான் விட்டிருந்தார்கள். இந்தத் தடவை, "நானே வெள்ளாம பண்றேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊரே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் நான்தான். "நாத்துக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் போய் நாற்று விட்டாள். ஆள் கூட்டி நட்டாள். களை எடுத்தாள். முறைத் தண்ணீருக்காக மண்வெட்டியோடு வாய்க்காலில் போய் நின்றாள். தை பிறந்தபோது அந்தப் பக்கத்தில் சாயாமல் நின்ற வயல்களில் அவளுடையதும் ஒன்று. நான் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அறுத்த நெல் கொள்முதல் நிலையத்துக் களத்துக்கு வந்தது. அங்கே ஏற்கனவே எடை போட்ட மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. அவை நகர்ந்தால்தான் அடுத்தவர் நெல்லை எடை போட்டு உள்ளே வைக்க முடியும். எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் அறுவடை என்பதால் எங்கள் களத்துக்குக் கிடைத்த லாரி ஒன்றே ஒன்று. அது என்னுடையது. ரோஸ்லின் பகலெல்லாம் நெல்லைப் பரப்பிக் கிளறிவிடுவாள், பொழுது சாய்ந்தால் குவித்துப் படுதா போட்டு மூடுவாள். ஒன்பது நாள் இதே வேலை. இதற்கிடையில், வியாழக்கிழமையிலிருந்து மழை என்று டி.வி.யில் சொன்னார்கள். குவியலில் தண்ணீர் இறங்கினால் நெல் முளைத்துவிடும். முளைத்த நெல்லை யாரும் வாங்க மாட்டார்கள். "புதன்கிழமைக்குள்ள உன் நெல்லு எடைக்குப் போயிடும். அண்ணன் சொல்றேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்தது ஒரு சனிக்கிழமை காலை. அன்று மத்தியானமே பெல்ட் கழன்றது.

லாரியைப் பற்றித் தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். என்ஜினின் முன்பக்கத்தில் ஒரு நீளமான ரப்பர் பெல்ட் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து பல சக்கரங்கள் மேல் ஓடும். அந்தச் சக்கரங்களுக்குப் புல்லி என்று பெயர். என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர்ப் பம்பும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் அந்த ஒரே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. அது கழன்றால் என்ஜின் கொதிக்கும். அப்படியே ஓட்டினால் என்ஜினே போய்விடும்.

பெல்ட்டுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். திங்கட்கிழமை அந்தப் புதிய பெல்ட்டும் கிறீச்சென்று கத்தி, ஓரம் நார்நாராகக் கிழிந்து கழன்றது. எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. தஞ்சாவூருக்குப் போய், கடைக்காரர் மேஜைமேல் கிழிந்த பெல்ட்டை வீசி, "டூப்ளிகேட்ட வித்து எங்க வயித்துல அடிக்கிறீங்களா?" என்று கத்தினேன்.

அவர் பெல்ட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஒரு பக்கமாத்தானே தேஞ்சிருக்கு அண்ணே. புல்லியெல்லாம் ஒரே நேர்ல இருக்கான்னு பாருங்க" என்றார்.

"எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, வேறு இரண்டு பெல்ட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தேன். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றினேன். பம்பர்மேல் ஏறி நின்று மேலிருந்து பார்த்தேன். எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. அப்படியென்றால் இது பிசாசின் வேலை என்று முடிவு செய்து, என்ஜின்மேல் கையை வைத்துச் சாத்தானைக் கடிந்துகொண்டேன். அவன் எத்தனையோ அநியாயம் செய்கிறவன்தான். ஆனால் இந்த ஒரு காரியத்தில் அவன்மேல் குற்றம் இல்லை.

புதன்கிழமை காலை மறுபடி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். லோடு தூக்குகிறவர்களின் தலைவர் மாரியப்பன் கேபினில் கூட வந்தார். இந்த லோடை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு லோடு எடுத்தால்தான் ரோஸ்லினின் முறை வரும். கால்வாய்க் கரை ஏறியதும் அதே சத்தம். பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. சூடு காட்டும் முள் ஏறியது. வண்டியை ஓரம் கட்டினேன். மூன்றாவது முறையாகப் பெல்ட் தொங்கியது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ரோஸ்லின்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? இங்க கிழக்கால மேகம் கட்டிடுச்சு. எல்லாரும் படுதா தேடி ஓடுறாங்கண்ணே."

வியாழக்கிழமை வரவேண்டிய மழை ஒரு நாள் முந்திக்கொண்டது. "இந்தா, வந்துட்டே இருக்கேன்" என்று பொய் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் அழுதேன். சிரித்தவர்கள் எல்லாம் இனி அவளைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்றே நினைப்பு ஓடியது.

கேபினைத் தூக்கி நிறுத்தி, கையில் இருந்த கடைசிப் பெல்ட்டை மாட்டினேன். ஸ்டார்ட் செய்யத் தைரியம் வரவில்லை. இதுவும் கிழிந்தால் அன்றைய தினம் முடிந்தது. ஜெபிக்க வேண்டும் என்று தோன்றியது. உட்கார நாற்காலி இல்லை. பம்பருக்கும் முன் டயருக்கும் நடுவில், சரளைக்கல் குத்தக் குத்த, முழங்காலில் நின்றேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று எனக்கே நினைவில்லை.

மற்றவர்களைப் போல எனக்கு அழகாக ஜெபிக்க வராது. "ஆண்டவரே, ரோஸ்லின் ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கா. அவளுக்காகக் கேக்குறேன். எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. எனக்குத் தெரியல. நீர் காட்டும்" என்றேன். அவ்வளவுதான். 'எனக்குத் தெரியல' என்ற வார்த்தையை அதுவரை நான் எந்த மெக்கானிக்கிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடமும் சொன்னதில்லை. வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். நேர் எதிரில், என் கண் மட்டத்தில், பெல்ட்டின் விளிம்பு. அதுவரை மேலிருந்தே பார்த்தவன் நான். பக்கவாட்டிலிருந்து, அந்த உயரத்திலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை. கீழேயிருக்கும் பெரிய புல்லியிலிருந்து பெல்ட் நேராக வந்தது. ஆல்டர்னேட்டர் புல்லிக்கு அருகில் கொஞ்சம் உள்ளே சாய்ந்தது. அசையாமல் அப்படியே இருந்தேன்.

"அண்ணே, சாமி கும்புட்டு முடிச்சாச்சா, இன்னும் இருக்கா?" என்றார் மாரியப்பன்.

"இங்க வாங்க மாரியப்பன். என் பக்கத்துல குனிங்க. பெல்ட்டு நேரா இருக்கா?"

அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "கீழ நேராத்தான் இருக்கு. அந்தச் சின்னச் சக்கரத்துக்கிட்ட உள்வாங்குதுண்ணே."

மாரியப்பன் இடுப்பில் சாக்கு தைக்கும் சணல் கயிறு எப்போதும் இருக்கும். அதை வாங்கி, பெரிய புல்லியின் முகத்தில் ஒட்டினாற்போல் அவரைப் பிடிக்கச் சொல்லி, ஆல்டர்னேட்டர் வரை விறைப்பாக இழுத்தேன். நேராக இருந்தால் கயிறு இரண்டிலும் ஒட்ட வேண்டும். ஆல்டர்னேட்டர் புல்லியில் ஒட்டவில்லை. ஒரு நெல்லின் நீளத்தில் பாதி இடைவெளி இருந்தது. அந்தப் பாதி நெல் இடைவெளிதான் மூன்று பெல்ட்டைத் தின்றிருக்கிறது.

ஏன் உள்ளே போனது? யோசிக்கும்போதே பதிலும் வந்தது. முகம் சிவந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்பு ஆல்டர்னேட்டரைக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பேரிங் மாற்றினேன். திரும்ப மாட்ட மெக்கானிக் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நானே மாட்டினேன். மாட்டி முடித்தபோது தடித்த வாஷர் ஒன்று மிச்சம் இருந்தது. ஆல்டர்னேட்டருக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கவேண்டிய வாஷர். 'கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டிருப்பான்' என்று சொல்லிக்கொண்டேன். தூக்கி எறியவும் மனமில்லை. பார்க்க வளையமாக, கனமாக, அழகாக இருந்ததால் வண்டிச் சாவியில் கோத்துக்கொண்டேன்.

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மாரியப்பனிடம் காட்டினேன். அவர் வாஷரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏண்ணே, அப்ப இத்தன நாளா இதக் கையிலயே வச்சிக்கிட்டா ஊரெல்லாம் சண்ட போட்டீங்க?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணீர் காயாமலே சிரித்தேன்.

போல்ட்டைத் தளர்த்தி, வாஷரை அதன் இடத்தில் வைத்து முறுக்கினேன். மறுபடி சணலை இழுத்துப் பிடித்தோம். இந்தத் தடவை இரண்டு புல்லியிலும் ஒட்டியது. கேபினை இறக்கி, ஸ்டார்ட் செய்தேன். கிறீச் சத்தம் இல்லை. என்ஜின் சத்தம் மட்டும். சிவப்பு விளக்கு அணைந்தது. "அல்லேலூயா!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். மாரியப்பன் வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறவர். அவரும் சந்தோஷத்தில், "அல்லேலூயாண்ணே! வண்டிய எடுங்க!" என்றார்.

அதன் பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. கிடங்கில் இருந்த சுமைதூக்கிகள் மாரியப்பனோடு சேர்ந்து பறந்து பறந்து இறக்கினார்கள். திரும்பி வந்தபோது ஊர்மேல் வானம் கருத்துக் கிடந்தது. களத்தில் அடுத்த லோடை ஏற்றும்போதே உள்ளே இடம் காலியானது. ரோஸ்லினின் நெல்லைச் சாக்கில் பிடித்தார்கள், எடை போட்டார்கள், தைத்தார்கள். நானும் மூட்டு வலியை மறந்து மூட்டை தூக்கினேன். அவளுடைய கடைசி மூட்டை கூரைக்குள் போயிற்று. லாரியில் படுதாவை இழுத்துக் கட்டினோம். அதற்குப் பிறகுதான் மழை இறங்கியது.

எல்லோரும் கூரைக்கு ஓடினார்கள். ரோஸ்லின் மட்டும் காலிக் களத்தின் நடுவில், தலையெல்லாம் நெல் தூசியோடு, மழையில் நின்றாள்.

"இப்ப பெய்யட்டும்ணே! நல்லா பெய்யட்டும்! வயல்ல உளுந்து தெளிச்சிருக்கேன், அதுக்கு ஆவும்!" என்று கத்தினாள்.

அவளிடம்தான் நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டவன் நான். அங்கேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "இப்பவாச்சும் தெரிஞ்சுதே" என்று சிரித்தாள்.

மழை இரண்டு நாள் நின்று பெய்தது. இன்னும் சிலருடைய நெல் படுதாவுக்கு அடியில்தான் இருந்தது, ஓரங்கள் நனைந்தன. அதை மறைக்க மாட்டேன். வெயில் வந்ததும் எல்லோரும் சேர்ந்து காய வைத்தோம். என் லாரி ஒரு நடைகூடத் தவறாமல் ஓடி, அந்த வாரத்துக்குள் களத்தையே காலி செய்தது. அந்தக் கடைசிப் பெல்ட்தான் இன்றுவரை ஓடுகிறது.

பெல்ட் கடைக்காரரிடம் போய், "தப்பு என்னுதுங்க, மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு சகோதரர் என்னிடம், "கர்த்தர் ஏன் திங்கட்கிழமையே காட்டியிருக்கக் கூடாது?" என்று கேட்டார். திங்கட்கிழமையே காட்டினார் ஐயா. அந்தக் கடைக்காரர் வாயால் சொன்னார். நான்தான் காது கொடுக்கவில்லை. இப்போது கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் என் மனைவி இந்த மலரையே கிழித்துவிடுவாள். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகியிருக்கிறேன். சபையில் என் நாற்காலியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

பிரியமானவர்களே, உங்களுக்கும் எதுவோ திரும்பத் திரும்பக் கழன்றுகொண்டிருக்கும். பெரிய காரியத்துக்குத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். பெல்ட்டுக்குக்கூட ஜெபியுங்கள். எனக்குப் பதில் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். ஆமென் சொன்னதும் எழுந்து ஓடிவிடாமல், எதிரில் என்ன இருக்கிறது என்று கண்ணைத் திறந்து பாருங்கள்.

ரோஸ்லின் தன் முதல் வெள்ளாமையில் இரண்டு மூட்டையைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அதை அரைத்து இன்றைய அன்பின் விருந்துக்குக் கொடுத்திருக்கிறாள். ஆராதனை முடிந்து பந்தியில் உட்காரும்போது உங்கள் இலையில் விழப்போவது அந்தச் சோறுதான். பரிமாறப்போகிறவன் நான். ஒருவரும் போதும் என்று கை மறிக்கக் கூடாது.