ஐஸ்பெட்டிக்காரர் வீட்டுப் பிள்ளை

தெருவில் அவரை ஐஸ்பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கூட்டருக்குப் பின்னால் நீலப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறவரிடம் ஐஸ்கிரீம் கேட்டு ஓடிவந்த வாண்டுகள் ஏராளம். உள்ளே இருந்ததோ வேறு சரக்கு: பச்சைக் குழந்தைகளின் மலம்! அதைச் சின்ன டப்பாக்களில் வாங்கி ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ப்பது அவர் வேலை. சுகப்பிரசவமானால் குழந்தையின் குடலில் எந்தக் கிருமிகள் முதலில் குடியேறுகின்றன, ஆபரேஷனானால் எவை, அதனால் எதிர்ப்புச் சக்தி எப்படி மாறுகிறது என்று அங்கே ஒரு டாக்டரம்மா ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வீடு வீடாக ஏறி இறங்குவதில் அவருக்கு அலுப்பே கிடையாது. தூக்கம் கெட்ட கண்ணோடு கதவைத் திறக்கும் அப்பாக்களிடம், "இன்னைக்கு மகசூல் எப்படி சார்?" என்பார். சிரிக்காதவர்கள் குறைவு.

அவர் மனைவிக்கும் இடுப்புவலி எடுத்தது. பகலெல்லாம் துடித்தும் குழந்தை இறங்கவில்லை. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. மூக்கு அப்படியே அப்பாவை உரித்து வைத்திருந்தது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"குழந்தை வெளியே வர்ற வழியிலயே அம்மாகிட்ட இருந்து நல்ல கிருமியெல்லாம் ஒட்டிக்கும்னு நீங்கதானே சொல்வீங்க? அதைக்கூட என்னால கொடுக்க முடியலையே."

அவருக்குச் சுருக்கென்றது. உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். அந்தம்மா மறுநாளே பிள்ளையைப் பார்க்க வந்துவிட்டார்.

"வித்தியாசம் இருக்கத்தான் செய்யுது, மறைக்க மாட்டேன்," என்றார் கட்டிலில் உட்கார்ந்து. "அலர்ஜி, ஆஸ்துமா கொஞ்சம் கூடுதலா வருதான்னு இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கோம். ஆனா பிள்ளை வளர வளர அந்த வித்தியாசம் பெரும்பாலும் குறைஞ்சிடும். தாய்ப்பால் கொடு, நெஞ்சோட அணைச்சு வெச்சுக்க. குடி வர்றவங்க கொஞ்சம் லேட்டா வருவாங்க, அவ்வளவுதான்!"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப எங்க பொண்ணையும் உங்க ஆராய்ச்சியில சேர்த்துக்குங்க."

வீட்டுக்கு வந்த பிறகு, டப்பா கொடுக்க வேண்டிய நாளும் வந்தது. அன்றைக்கென்று பார்த்து மகாராணி அசையவில்லை. பால் குடித்தாள், தூங்கினாள், மறுபடி குடித்தாள். மாமியார் நாப்கினைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மருமகன் வேலையை யாராவது விசாரித்தால் "மெடிக்கல் லைன்" என்று பேச்சை மாற்றும் மாமனார், டப்பாவும் கையுமாகத் தொட்டிலுக்குக் காவல் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் பேத்தியின் முகம் சுருங்கியது, சிவந்தது.

"மாப்ள! ஓடி வாங்க! வந்துடுச்சு!"

வீடே ஓடியது. டப்பாவில் கொஞ்சம் விழுந்திருந்தது; மாமனாரின் வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள்.

"சிரிக்க வைக்காதீங்கப்பா, தையல் இழுக்குது!" என்று மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

எத்தனையோ வீட்டு டப்பாக்களைக் கைகூசாமல் வாங்கியவர், இதை மட்டும் மூடிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு அழகா இருக்கு!" என்றார்.

"எதுங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் மகள் அடுத்த பாலுக்கு வீறிட்டாள்.