இடது காலுக்கு இரண்டு விரற்கடை

சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலில் கைக்கு வேலை குறைவு, கண்ணுக்குத்தான் அதிகம். எது எப்படி நகர்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஜப்பான்காரன் வந்ததும் நான் செய்தி எழுதிக்கொண்டிருந்த தினசரி நின்றுபோனது. மலாக்காவில் காஜா பெராங் தெருவில் காதர் பாய் வைத்திருந்த சைக்கிள் கடையில் ஒட்டிக்கொண்டேன். பிறர் சாமானைப் பிரித்துப் போட்டுவிட்டு, மறுபடி பூட்டத் தெரியாமல் விழித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல.

கோணல்

சேர்ந்த முதல் வாரம் வீராசாமி வந்தார். கடலோரம் உஜோங் பாசிரில் மீன் எடுத்து எங்கள் பக்கம் கொண்டுவந்து விற்பவர். பின்சக்கரம் ஆடுகிறது என்றார். சக்கரத்தைக் கழற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி, அரை நாள் மல்லாடினேன். பூட்டிக் கொடுத்தேன். ஆட்டம் அப்படியே இருந்தது.

காதர் பாய் தொழுகை முடித்து வந்தார். ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லாமல் எந்தச் சைக்கிளையும் அவர் தொடமாட்டார். வீராசாமி கோயில் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். பிறவியிலேயே அவருக்கு இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. அந்தக் கால் மிதிகட்டையை எட்டும்போதெல்லாம் இடுப்பு சாய்ந்தது, கூடவே வண்டியும் சாய்ந்தது. இடது மிதிகட்டையில் ஒரு மரத்துண்டை வைத்துக் கட்டியதும் ஆட்டம் நின்றது. பாய் என்னிடம் சொன்னார்: "சக்கரம் ஒழுங்காத்தான் சுத்துது தம்பி. நீங்க ஆளைப் பார்க்காம இரும்பைப் பார்த்தீங்க."

கடலின் கடிகாரம்

டோக்கியோ நேரப்படி கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளி வைக்கச் சொன்னார்கள். வைத்தோம். டயர் கிடைக்காத காலம். தேய்ந்த டயருக்குள் கயிறு திணித்துத்தான் ஓட்டவேண்டும். சாலையில் அது குலுக்கும் குலுக்கலில் மீன் நசுங்குகிறது, கடல் வற்றும்போது ஈர மணலில் ஓட்டினால் தேவலை என்றார் வீராசாமி. பத்திரிகை ஆபீசிலிருந்து எடுத்து வந்திருந்த, கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பார்த்து, "நாளைக்குப் பத்து மணிக்கு வற்றும்" என்று அடித்துச் சொன்னேன். பட்டியல் பழைய நேரத்தில் அச்சானது என்பது எனக்கு உறைக்கவில்லை.

புதுக் கடிகாரத்தில் பத்தடித்தபோது, கடல் வற்றி முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சேற்றில் சக்கரம் புதைந்து, கூடை கவிழ்ந்து, பாதி மீன் வந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. முழங்கால் சேற்றோடு கடை வாசலில் வந்து நின்றார் வீராசாமி. திட்டுவார் என்று காத்திருந்தேன். "அண்ணே, டோக்கியோ நேரத்தைக் கடலுக்கு யாரும் போய்ச் சொல்லலை போல."

செருப்பு

அடுத்த வருடம் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க லாரி வரத் தொடங்கியது. போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. ஆண்களை வரிசையாக நிறுத்திப் பத்தடி நடக்கச் சொல்வார்கள். நன்றாக நடந்தவன் லாரியில் ஏறவேண்டும். வீராசாமியை இரண்டு முறை நிறுத்தினார்கள். இரண்டு முறையும் நடையைப் பார்த்துத் தள்ளிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். "சம்பந்தி முன்னாடி ஒரு நாளாச்சும் நேரா நடக்கணும்ணே" என்றார். தேய்ந்த லாரி டயரை அடுக்கடுக்காக வெட்டி, இடது செருப்பில் இரண்டு விரற்கடை ஏற்றினேன். நடக்கவிட்டுப் பார்த்துச் சீவினேன், மறுபடி நடக்கவிட்டேன். மூன்றாம் நாள் இடுப்பு மட்டத்துக்கு வந்தது.

கல்யாணம் முடிந்தும் அவர் அதைக் கழற்றவில்லை, இடுப்பு வலி போய்விட்டதாம். கழற்றிவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். லாரி வருவது எனக்குத் தெரியாததல்ல. என் கைவேலை தெருவில் நிமிர்ந்து போவதைப் பார்க்க ஆசையாக இருந்தது, சொல்லவில்லை. எதிர்வீட்டு மலாக்காச் செட்டி அம்மாள் பல தலைமுறையாக மலாய் பேசும் வம்சம், தமிழ் வராது. சிப்பாய் மாதிரி நடக்கிறாரே என்று தன் மலாயில் கூவினார்: "வாஹ், ஜாலான் மாச்சாம் சொல்டாடு!"

பத்தடி

சில வாரம் கழித்து லாரி எங்கள் கடைக்கு எதிரே நின்றது. ராணுவச் சைக்கிள்களைப் பழுதுபார்த்ததால் பாயையும் என்னையும் தொடமாட்டார்கள். வீராசாமி தலையில் கூடையோடு, நிமிர்ந்து, தெரு முனையிலிருந்து வந்தார். அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கடையை நெருங்கி லாரியைக் கண்டதும் வீராசாமி கூடையை இறக்கிவைத்து, குனிந்து, செருப்பைக் கழற்றி எங்கள் வாசலில் விட்டார்.

வரிசையில் நிறுத்தினார்கள். பிறந்ததிலிருந்து நடந்தபடியே சாய்ந்து சாய்ந்து பத்தடி நடந்தார். அதிகாரி சிரித்தான். அவன் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "நேராத்தானே வந்தே? என்ன நொண்டி நாடகம்? ஏறு."

செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அடுக்கைக் காட்டினேன், அவருடைய இரண்டு கால்களையும் காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துப்பாக்கிக் கட்டை என் மார்பில் இடித்தது. பாய் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். லாரியிலிருந்து வீராசாமி கையை நீட்டினார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "செருப்பைக் குடுங்கண்ணே. அங்கேயும் நடக்கணும்ல."

செய்து கொடுத்த வேலை பழுதென்று திரும்பி வராவிட்டால் அது நல்ல வேலை என்பது சைக்கிள் கடைக்காரர்களின் அளவுகோல். அந்த அளவுகோல்படி என் கையால் ஆனவற்றில் மிகச் சிறந்தது வீராசாமியின் செருப்புதான்.