மயில் மேல் மஞ்சள்

கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அவற்றை வைத்துத்தான் பிழைத்தேன் என்பது வேறு விஷயம்.

எண்பதுகளில் பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பட்டாபிராமில் பழைய பேப்பர் கடையில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை அள்ளி வந்து, பார்த்துப் பார்த்து வரைந்து பழகினேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. எல்லாவற்றிலும் அதே குத்துவிளக்கு, அதே வாழைமரம். எங்கள் மாதா கோயில் பத்திரிகைகள் மட்டும் என்ன வாழ்ந்தது? மாறுகண்ணோடு இரண்டு புறா. அதைவிட அருவருப்பு, மற்றவர்கள் பத்திரிகைகளின் மூலைகளில் காய்ந்து பொருக்குத் தட்டிய மஞ்சள். காகிதத்தில் கறை பட்டால் எனக்கு ஆகாது. சுவரில் ஒட்டுவதற்கு முன் நாலு மூலைகளையும் கத்தரியால் நறுக்கி எறிந்துவிடுவேன்.

வேலையை விட்டுவிட்டு ஆவடியில் சின்ன அறை பிடித்து ஸ்கிரீன் பிரிண்டிங் போட்டேன். வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் பெரிய ஆர்டர் மாங்காட்டில் ஒரு விவசாயக் குடும்பத்துடையது. ஊரில் பாதி அவர்கள் சொந்தம்தான். இது பிடித்துவிட்டால் கடை நிற்கும். இல்லாவிட்டால் மறுபடி பாடிக்குப் போய், கை கழுவும் தொட்டியிலேயே வெற்றிலைச் சாற்றைத் துப்பும் அந்த சூப்பர்வைசர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். 

உயிரைக் கொடுத்து வரைந்தேன். மூலைக்கு ஒன்றாக, தங்க மையில் மயில்கள்.

கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றே கல்யாணப் பெண்ணின் அத்தை மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விரலை முக்கி முதல் மயிலின் தலையில் ஒரே அழுத்து. மழைக்கால ஈரத்தில் மை சரியாகக் காய்ந்திருக்கவில்லை. தங்கமும் மஞ்சளும் கலந்து கைக்குழந்தையின் துணியில் பார்ப்போமே, அந்த நிறத்தில் வழிந்தது.

பெண்ணின் அப்பா கத்தினார். "இன்னா தம்பி இது? மஞ்சா வெக்கிற எடத்துல மயில குந்த வெச்சிகீறே!"

"மஞ்சள் வைக்காம குடுக்கக்கூடாதுங்களா?"

"மஞ்சா இல்லாம ஊடு ஊடா போனா எவன் வாங்குவான்? இன்னா, கருமாதி பத்திரிகையா இது?"

மஞ்சள் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அத்தனை பத்திரிகைகளிலும் அதை நறுக்கி எறிந்தவன் நான்தானே. பத்திரிகையில் அதுவும் சேர்த்தி என்று மட்டும் நினைத்ததேயில்லை.

மயில்களை எடுத்துவிட்டு, மூலைகளை வெறுமனே விட்டு, மறுபடி அடித்துக் கொடுத்தேன். மொட்டைத் தலை போல இருந்தது. தூ என்று துப்பத் தோன்றியது. "இப்பத்தான் பத்திரிகை மாதிரி கீது" என்றார் பெண்ணின் அப்பா. அவருடைய சொந்தமெல்லாம் ஆவடிக்கு பஸ் ஏறி வந்தது. பூந்தமல்லி, அம்பத்தூர் வரைக்கும் மூலை காலியாக இருந்தால் அது என் கடைப் பத்திரிகை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கடை நின்றுவிட்டது.

தொண்ணூறுகளில் எனக்குக் கல்யாணம். மாதா கோயில் கல்யாணம். மஞ்சளோடு யாரும் வரப்போவதில்லை. பரணில் கிடந்த மயில் ஸ்கிரீனை ஆசையாக இறக்கித் துடைத்து, ஒரு பிரதி அடித்துப் பார்த்தேன். நாலு மூலையிலும் மயில்கள், எச்சில் இலையில் ஒதுக்கி வைத்த மிச்சம் போல. எனக்கே சகிக்கவில்லை. கத்தரியை எடுத்து நாலு மூலைகளையும் நறுக்கி எறிந்தேன்.