புளுகுணியின் குருவி

லிஃப்ட் மெக்கானிக்கைப் பறவைச் சங்கத்தில் ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புளுகுணி என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பொரு தடவை பஸ் டிப்போ கூரைமேல், இந்தப் பக்கமே தலைகாட்டாத பருந்து ஒன்றைப் பார்த்ததாக வந்து சொன்னார். கையில் படம் இல்லை. அவ்வளவுதான், பட்டம் ஒட்டிக்கொண்டது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? இத்தனைக்கும் பொய் அவருக்கு வராது. லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்டால், தெரியாது என்று உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆசாமி.

அவர் கண்ணில்தானா அந்தக் குருவி பட வேண்டும்! வேலை பார்க்கும் அடுக்குமாடிக்குப் பின்னால், அஸ்திவாரம் தோண்டிப் பாதியில் விட்ட பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நாணல் மண்டிக் கிடந்தது. அந்த நாணலுக்குள் பனிதேசத்துக் குருவி ஒன்று, காற்றில் அடிபட்டு வழி தப்பி வந்திருந்தது. அவருடைய ஓட்டை போனில் எடுத்த படத்தில் நாணல்தான் விழுந்தது, குருவி விழவில்லை.

சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரருக்குச் சொன்னார்.

“திரும்ப ஆரம்பிச்சாச்சா? சரி, காலையில கேமராவோட வர்றோம். அங்க குருவி இருக்கணும், ஆமா.”

இருக்கணுமே! அந்த இனத்தின் குரல் அவர் போனில் பதிவாகி இருந்தது. குரல் போட்டுப் பறவையை ஏமாற்றி இழுப்பது சங்கத்தில் பெரிய தப்பு. போட்டார். தன் ஜாதி ஒன்று இங்கே இருக்கிறதென்று நம்பி அது பாய்ந்து வந்தது. நாணலுக்கு நாணல் தேடியது, பதிலுக்குக் கத்தியது. நிறுத்தினால் பறந்துவிடுமோ என்று பயம். இருட்டும்வரை போட்டுக்கொண்டே இருந்தார், பாவி மனுஷன்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. “ஏங்க, அது ஒரு பூச்சிகூடப் பிடிக்கல. திங்க விடுங்க.”

“நாளைக்கு அவங்க பாத்துட்டாப் போதும்.”

“அவங்க நம்பினா என்ன, நம்பாட்டி என்ன? உங்களுக்குப் பொய் வராதுன்னு எனக்குத் தெரியாதா?”

“உனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?”



இரவெல்லாம் மழை. விடிந்ததும் குடையோடு அவளும் கூட வந்தாள். போனைச் சுவர்மேல் வைத்து மறுபடி போட்டார். குருவி வந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்தது. இறகு சிலிர்த்திருந்தது. போனைப் பார்த்து ஒருமுறை கத்திவிட்டு அப்படியே சாய்ந்தது. கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு மட்டும் விரலில் குத்தியது. சங்கத்தாரின் கார் வந்து நிற்பதற்குள் உயிர் போய்விட்டது.

செயலாளர் குருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடேங்கப்பா, அதேதான்! படத்தைவிடப் பெரிய சாட்சியாச்சே. மன்னிச்சிடுங்கண்ணே, அந்தப் பருந்தையும் இனி ஒத்துக்கிறோம்.”

கூட வந்தவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை காதில் விழுந்தும் அவர் குருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா, எப்படிண்ணே கைக்கே வந்துச்சு? குரல் கிரல் போட்டீங்களா?” என்றார் செயலாளர்.

சுவரிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்ட போன் இன்னும் சூடாக இருந்தது.

“இல்லையே. தானா வந்துச்சு.”

எல்லோரும் நம்பினார்கள். மனைவி குடையை மடக்கிக்கொண்டு, அவருக்காக நிற்காமல் வீட்டுக்கு நடந்தாள்.